புதன்கிழமைகளில் புல்தரை

சில்வோக்,
7 நவம்பர் 2004

அன்புத் தங்கை குன்வோருக்கு,

நானும் என் டிராக்டரும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறோம். காலையில் கிளம்ப இரண்டு பேருக்குமே கொஞ்சம் நேரம் பிடிக்கிறது, அவ்வளவுதான். வடகோடியில், உன் வாட்சோவில் இப்போதே பகலைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும். குளிருக்கு உன் முழங்கால் எப்படி இருக்கிறது? போனில் கேட்டிருப்பேன். என் காதில் பாதிதான் விழுகிறது, அதனால் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். நம் கால்பந்துக் கழகம் இந்த ஆண்டு ஒரு படி மேலே ஏறிவிட்டது. ஏறியதுதான் வினை. மேல் பிரிவில் ஆட வேண்டுமானால் ஏப்ரல் இரண்டாம் வாரம், பனி முழுக்க உருகும் முன்பே, களம் தயாராக இருக்க வேண்டுமாம். உடனே புதுத் தலைவி ஹேகே, ஹம்மர் மைதானத்துப் புல்லைப் பெயர்த்துவிட்டு பிளாஸ்டிக் விரிக்கலாம் என்று கிளம்பிவிட்டாள். நான் அந்தப் புல்லை விதைத்த ஆண்டில் பிறந்தவள், எனக்குப் புல்லைப் பற்றிப் பாடம் எடுக்கிறாள்.

"முப்பது வருஷமா பொத்திப் பொத்தி வளத்தீங்க. யாரு ஆடினா அதுல? வருஷத்துக்கு நாப்பது மேட்ச். மிச்ச நாளெல்லாம் பூட்டுதானே?"

"புல்லுக்கு ஓய்வு வேணும்மா."

"புல்லுக்கு ஓய்வு, எங்க பொண்ணுங்களுக்குச் சரளைக்கல்லா? நல்லா இருக்கு மாக்னார் உங்க நியாயம்!"

எல்லோர் முன்னாலும் கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. ஜனவரியில் பொதுக்கூட்டம், அதில் வாக்கெடுப்பு. நீ ஊரின் முதல் பெண்கள் அணியில் ஆடியவள், பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்தவள். புல் இருக்கட்டும் என்று நீ இரண்டு வரி எழுதினால் ஊர் கேட்கும். எழுதி அனுப்பு.

கழக வரலாற்றுப் புத்தகத்தில் பெண்கள் அணி பற்றி நீதான் எழுதுகிறாய் என்று செயலாளர் பிர்கெர் சொன்னான். நல்லது. உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புள்ள அண்ணன்,
மாக்னார்


வாட்சோ,
21 நவம்பர் 2004

அன்புள்ள அண்ணா,

உன் கடிதம் வந்தது. டிராக்டரைப் பற்றி எழுதினாய், இரத்த அழுத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாயா? என் முழங்கால் வழக்கம்போல எனக்கு முன்னாலேயே வானிலை சொல்கிறது.

பிர்கெர் பழைய கூட்டக் குறிப்பேடுகளின் நகல்களை ஒரு பெட்டி நிறைய அனுப்பியிருக்கிறான். இரண்டு வாரமாக அதில்தான் குடியிருக்கிறேன். 1949இல் அந்தச் சதுப்பு நிலத்தை ஊரே சேர்ந்து வற்றவைத்தது, அப்பா குதிரை வண்டியில் கடற்கரை மணலை ஏற்றி வந்தது, பாறைக்கு வெடி வைத்ததில் பாதிரியார் வீட்டுச் சன்னல்கள் உடைந்தது, எல்லாம் அப்படியே இருக்கிறது. வெடிமருந்தின் அளவைப் பற்றிக் குறிப்பேட்டில் ஒரு வார்த்தைகூட இல்லை. சன்னல் கண்ணாடிகளின் எண்ணிக்கை மட்டும் தெளிவாக இருக்கிறது.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். 1975 வசந்தத்தில் புதுப் புல்தரையைத் திறந்தார்கள். வாரத்தில் ஒரு நாள் எங்களுக்கும் தாருங்கள் என்று நாங்கள் பதினான்கு பேரும் கையெழுத்திட்டுக் கொடுத்தோம். கிடையாது என்று பதில் வந்தது. நீதான் வந்து சொன்னாய். அது யாருடைய முடிவு? புத்தகத்தில் சரியாக எழுத வேண்டும், அதனால் கேட்கிறேன்.

இங்கே நண்டு மலிந்து கிடக்கிறது. உனக்கு அனுப்ப வழியில்லை, உன் பங்கையும் நானே சாப்பிடுகிறேன்.

அன்புடன்,
குன்வோர்


சில்வோக்,
5 டிசம்பர் 2004

அன்புத் தங்கைக்கு,

மாத்திரை போடுகிறேன். ஹேகேயைப் பார்க்கிற நாளில் இரண்டு போடலாமா என்று டாக்டரைக் கேட்க வேண்டும். நீ சுகமாக இருக்கிறாய் என்று நண்டிலிருந்தே தெரிகிறது.

பாதிரியார் வீட்டுச் சன்னல்கள் ஏழு. அப்பா சாகும்வரை ஆறு என்றே சொல்லிக்கொண்டிருந்தார். 1992 புத்தாண்டுப் புயலில் பார்வையாளர் மாடத்தின் கூரை பறந்து கடலில் விழுந்ததை எழுதினாயா? விளக்குக் கம்பங்கள் வந்ததை எழுது. தரைக்கடியில் வடிகால் குழாய் பதித்ததை எழுது. அது முழுக்க என் திட்டம்.

1975இல் யார் என்று கேட்டாய். நிர்வாகக் குழுதான், வேறு யார்? அவர்களெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இப்போது அதைக் கிளறி என்ன ஆகப்போகிறது?

நான் கேட்ட இரண்டு வரியை இன்னும் அனுப்பவில்லையே. ஹேகே வீடு வீடாகப் போய் ஆள் சேர்க்கிறாள். பிளாஸ்டிக் தரையின் துண்டு ஒன்றைக் கையிலேயே வைத்திருக்கிறாள், பெட்டிக்கடை மேசையில் விரித்துக் காட்டுகிறாள். தொட்டுப் பார்த்தேன். பழைய பல்துலக்கியைத் தடவுகிற மாதிரி இருக்கிறது. இதில் போய் மனிதர்கள் விழுந்து புரளப் போகிறார்களாம்.

சீக்கிரம் எழுது.

மாக்னார்


வாட்சோ,
28 டிசம்பர் 2004

அன்புள்ள அண்ணா,

கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பிய உப்புக்கருவாடு உடையாமல் வந்து சேர்ந்தது. நான் அனுப்பிய முல்தேப் பழ ஜாம் வந்ததா? அதை மேட்ச் நாளில் ஊருக்கெல்லாம் வாரி வழங்காதே, உனக்காகக் கிண்டியது.

நிர்வாகக் குழு என்று எழுதியிருந்தாய். குழுவில் யார்? அந்தக் கூட்டத்துக்கு நீ போயிருந்தாயா? என்ன பேசினார்கள்? கொஞ்சம் நினைவுபடுத்திப் பார்.

எங்களுக்குக் கிடைத்தது பின்னால் இருந்த சரளைக்கல் களம். அஸ்லாவுக் ஒருமுறை விழுந்து, இரண்டு வாரம் உட்கார முடியாமல் நின்றுகொண்டே சாப்பிட்டாள். என் முழங்காலுக்குள் இன்னும் ஒரு கறுப்புக் கல் இருக்கிறது. எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொன்னார். இருக்கட்டும் என்றுவிட்டேன்.

நீ கேட்ட இரண்டு வரியைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

புத்தாண்டு உனக்கு நல்லபடியாகப் பிறக்கட்டும்.

குன்வோர்


சில்வோக்,
23 ஜனவரி 2005

குன்வோருக்கு,

ஜாம் வந்தது. நீ எழுத வேண்டியது வரவில்லை. பரவாயில்லை, நீ இல்லாமலே ஜெயித்துவிட்டோம். வியாழக்கிழமை வாக்கெடுப்பு. புல்லுக்கு அறுபத்தொன்று, பிளாஸ்டிக்குக்கு ஐம்பத்து நான்கு. சொந்தத் தங்கை கைவிட்டாலும் ஊர் கைவிடவில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதியும் விட்டேன், இனி அதை அடிக்கப் போவதில்லை.

ஆனால் சந்தோஷம் ஐந்து நிமிடம்கூட நிற்கவில்லை. தோற்ற கோபத்தில் ஹேகே எழுந்தாள்.

"சரி, ஜெயிச்சிட்டீங்க. ஏப்ரல் பத்தாம் தேதி மொத மேட்ச். அன்னைக்கும் உங்க புல்லு பனிக்கடியில தூங்கிட்டு இருந்தா என்ன பண்ணுவீங்க? போர்வையைப் போட்டு ஆடுவீங்களா?"

நம் பக்கத்து ஆள், அந்தப் பழைய மீனவன் கோரெ, மேசையில் ஒரு தட்டுத் தட்டினான். "பனியா பிரச்சினை? வாரிப் போட்டாப் போச்சு! பிப்ரவரி பன்னண்டு, சனிக்கிழமை, டுக்னாட்! எல்லாரும் மண்வாரியோட வாங்க!"

கூடமே கைதட்டியது.

பனிதான் புல்லுக்குப் போர்வை என்பது அவனுக்குத் தெரியாது. அதை இப்போதே உரித்துவிட்டால், அடுத்து மழை வந்து, அதன் பின்னாலேயே உறைகுளிர் வந்தால், தரை மேல் கண்ணாடி மாதிரிப் பனிக்கட்டி மூடிக்கொள்ளும். உள்ளே புல் மூச்சு முட்டிச் சாகும். எழுந்து சொல்லியிருக்க வேண்டும். எனக்காகக் கை தூக்கியவர்கள் அத்தனை பேரும் என்னையே பார்த்துச் சிரிக்கிறார்கள். ஊர் கூலி வாங்காமல் வேலைக்கு வருகிறேன் என்கிறபோது வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? நம் ஊரில் டுக்னாட்டை வேண்டாம் என்றவன் எவன் இருக்கிறான்? எனக்கு வாய் வரவில்லை.

ஒருவேளை மழை வராமல் போகலாம்.

மாக்னார்


வாட்சோ,
30 ஜனவரி 2005

அண்ணா,

நலம் விசாரிக்க நேரமில்லை, இதை விரைவுத் தபாலில் போடுகிறேன். நிறுத்து. பிப்ரவரியில் மழை வராமல் இருந்த ஆண்டு எது, சொல். பனியை எடுக்கக் கூடாது என்று எனக்கு ஆறு வயதில் சொல்லிக்கொடுத்தவனே நீதான். சாவி உன் கையில் இருக்கிறது. வாசலில் நின்று, "வேண்டாம், புல் செத்துப்போகும்" என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். கோபித்துக்கொள்வார்கள், காப்பியைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். அவ்வளவுதான் நடக்கும்.

நான் உன் புல்லுக்கு எதிரி என்று நினைக்காதே. எதிரியாக இருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

1975 பற்றி மூன்றாவது முறையாகக் கேட்கிறேன். அதற்கும் பதில் எழுது.

குன்வோர்


சில்வோக்,
3 ஏப்ரல் 2005

அன்புத் தங்கைக்கு,

இரண்டு மாதமாக எழுதவில்லை. எழுத எதுவும் இல்லை என்று சொன்னால் பொய். எழுத மனம் வரவில்லை.

உன் கடிதம் டுக்னாட்டுக்கு ஒரு வாரம் முன்பே வந்துவிட்டது. சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டுதான் வாசலுக்குப் போனேன். காலை ஒன்பது மணிக்குத் தொண்ணூறு பேர். குழந்தைகளெல்லாம் சறுக்குப் பலகையோடு வந்திருந்தார்கள். பெண்கள் வாஃபிள் சுட்டார்கள். தோற்ற கட்சி ஹேகேகூட வந்தாள், மண்வாரியைத் தோளில் போட்டுக்கொண்டு. "என்ன மாக்னார், கதவத் தொறங்க. கை வெறச்சுப் போகுது!" என்றாள். அவளாவது வராமல் இருந்திருந்தால் அவளைக் காட்டி ஏதாவது சாக்குச் சொல்லியிருப்பேன். திறந்தேன்.

மூன்று மணிக்குள் ஒரு சிட்டிகை பனி இல்லாமல் துடைத்துவிட்டார்கள். பிப்ரவரியில் பச்சைத் தரை. ஊரே நின்று படம் எடுத்தது. கோரெ என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். திங்கட்கிழமை மழை பிடித்தது. புதன்கிழமை உறைந்தது. ஐந்து வாரம் இளகவே இல்லை.

ஆணி உருளையை டிராக்டரில் கட்டி இழுத்து உடைத்தேன். கடப்பாரையால் உடைத்தேன். உடைத்த இடத்தில் மறுநாள் காலை மறுபடி மூடியிருக்கும். மார்ச்சில் ஓரிடத்தில் ஓட்டை போட்டதும் கீழே இருந்து ஒரு நாற்றம் வந்தது. அழுகின முட்டைக்கோஸ் நாற்றம். அப்போதே தெரிந்துவிட்டது. தெற்குக் கோலுக்கு முன்னால், பாறை வெயிலைத் திருப்பி அனுப்புகிற இடத்தில் ஒரு திட்டுப் பிழைத்திருக்கிறது. மீதி எல்லாம் வைக்கோல்.

யாரைத் திட்டுவது? ஒருவனாவது கெட்ட எண்ணத்தில் வந்திருந்தால் அவன் சட்டையைப் பிடித்திருப்பேன். இதைச் சொல்லக்கூட எனக்கு ஆள் இல்லை.

மாக்னார்


வாட்சோ,
10 ஏப்ரல் 2005

அன்புள்ள அண்ணா,

படித்தேன். இரண்டாம் முறை படிக்க முடியவில்லை. மிகவும் வருத்தமாக இருக்கிறது. சூடாக ஏதாவது சாப்பிடு, அழுத்தத்தைப் பார்த்துக்கொள். இந்த முறை உன்னை எதுவும் கேட்கவில்லை.

குன்வோர்


சில்வோக்,
1 மே 2005

அன்புத் தங்கைக்கு,

சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், கவலைப்படாதே. முதல் மேட்சைப் பக்கத்து ஊர்க் களத்தில் ஆடித் தோற்றோம். போன வாரம் மறுபடி கூட்டம் போட்டார்கள். பிளாஸ்டிக்குக்கு எதிராக எழுந்த கை என்னுடையது ஒன்றுதான், அதுவும் பழக்கத்தில் எழுந்தது. ஜூன் முதல் வாரம் மண்வெட்டும் எந்திரம் வருகிறது. தரைக்கடியில் சூட்டுக் குழாய் பதிக்கிறார்கள், புது விளக்குகள், நானூறு பேருக்கு நாற்காலிகள். ஹேகே ஒன்றும் குத்திப் பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை.

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. எந்திரம் வருவதற்கு முன்னால், மே 28, சனிக்கிழமை, உங்கள் பழைய அணி அந்தப் புல்தரையில் கடைசியாக ஒரு ஆட்டம் ஆடட்டும். அஸ்லாவுக்கிடம் சொன்னேன், துள்ளினாள். நீயும் வா. நானே கதவைத் திறந்துவிடுகிறேன். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஆடுங்கள், இனி அதற்கு ஆவதற்கு ஒன்றுமில்லை.

எதிர்பார்த்திருக்கிறேன்.

மாக்னார்


வாட்சோ,
9 மே 2005

அண்ணா,

இனி அதற்கு ஆவதற்கு ஒன்றுமில்லை. அதனால் இப்போது நாங்கள் ஆடலாம். இதை எழுதும்போது உன் கை கொஞ்சமாவது தயங்கியதா?

கேள். என் மேசையில் நவம்பரிலிருந்து ஒரு தாள் கிடக்கிறது. 1975 ஏப்ரல் 14, நிர்வாகக் குழுக் கூட்டக் குறிப்பு. அப்படியே எடுத்து எழுதுகிறேன்: "பெண்கள் அணி புதன்கிழமைகளில் புல்தரையைப் பயன்படுத்தலாம். களப் பொறுப்பாளர் மாக்னார் சம்மதித்தால் போதும்." கீழே ஐந்து பேர் கையெழுத்து. அந்த மனிதர்கள், நீ எழுதினாயே போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று, அவர்கள் சரி என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். முப்பது ஆண்டுகளாக அவர்களை மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். ஒருவருடைய சவ அடக்கத்துக்குக்கூட நான் போகவில்லை.

நீயாகச் சொல்வாய் என்று மூன்று முறை கேட்டேன். நீ சன்னல் கண்ணாடியைப் பற்றி எழுதினாய், வடிகாலைப் பற்றி எழுதினாய். தொண்ணூறு பேர் மண்வாரியோடு வந்து நின்றபோது உனக்கு வாய் வரவில்லை. பதினான்கு பேர் ஒரு பந்தோடு வந்து நின்றபோது மட்டும் எப்படி வந்தது?

செத்த புல்லில் ஆட நான் வரமாட்டேன்.

குன்வோர்


சில்வோக்,
16 மே 2005

குன்வோர்,

ஆமாம். நான்தான்.

சாக்குச் சொன்னால் கிழித்துப் போட்டுவிடுவாய். நடந்ததை மட்டும் சொல்கிறேன். குழுக் குறிப்பைப் பிர்கெருடைய அப்பா கொண்டுவந்து கொடுத்தபோது உடைமாற்றும் அறையில் ஆண்கள் அணி முழுவதும் இருந்தது. "என்ன மாக்னார், புதன்கிழமை தங்கச்சிக்குத் தொறந்து விடுவியா? பாய் விரிச்சுக் காப்பியும் போட்டுக் குடு!" என்று ஒருவன் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். "பொம்பளைங்க ஆடுறதுக்கா இத வளத்தேன்?" என்றேன். இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. சாயங்காலம் உன்னிடம் வந்து, குழு மறுத்துவிட்டது என்றேன். நீ காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தாய்.

அடுத்த ஆண்டு சொல்லலாம் என்று இருந்தேன். அடுத்த ஆண்டு நீ வடக்கே வேலைக்குப் போய்விட்டாய். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆண்டும் சொல்வது முந்தைய ஆண்டைவிடக் கஷ்டமாகிக்கொண்டே போனது.

அந்தத் தாளைப் புத்தகத்தில் அப்படியே போடு. என் பெயரோடு போடு. பிர்கெரிடம் நானே சொல்லிவிட்டேன். அஸ்லாவுக்கிடமும் சொன்னேன். அவள் கதவைச் சாத்திவிட்டாள். நேற்றுத் திரும்ப வந்து, "நாங்க ஆடத்தான் போறோம். ஆனா உனக்காக இல்ல" என்றாள்.

நீ வர வேண்டும் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. கதவு சனிக்கிழமை காலையிலிருந்து திறந்திருக்கும்.

மாக்னார்


கடற்கரைக் கப்பல், பூடோவைத் தாண்டி,
31 மே 2005

அண்ணா,

கடல் அமைதியாக இருக்கிறது. என் உடம்பில் வலிக்காத இடம் காது மடல் மட்டும்தான். உனக்கும் நடு முதுகு வலிக்கும், அத்தனை நாற்காலியையும் தனியாகத் தூக்கிப் போட்டிருக்கிறாய்.

நான் வந்து இறங்கியபோது துறைமுகத்தில் நாம் இரண்டு பேரும் பேசியது மொத்தம் நான்கு வார்த்தை. அங்கே இருந்த மூன்று நாளும் காப்பி, வானிலை, உன் மாத்திரை என்றே ஓட்டிவிட்டோம். அதனால் இதை எழுதுகிறேன்.

ஒன்பது பேர் வந்தோம். மூன்று பேர் உயிரோடு இல்லை, இரண்டு பேரால் நடக்க முடியாது. எதிரே ஹேகேயின் பெண்கள், பதினாறு வயது. பாவம் பார்த்து மெதுவாக ஆடினார்கள். அஸ்லாவுக் அவர்களைப் பார்த்துக் கத்தினாளே, "ஏய், நாங்க என்ன கண்ணாடிப் பாத்திரமா? காலப் போட்டு ஆடுங்கடி!" அதற்குப் பிறகுதான் ஆட்டம் ஆட்டமாக இருந்தது. ஆறுக்கு ஒன்று. அந்த ஒன்றும் அவர்களே தங்கள் கோலுக்குள் தட்டிவிட்டது, நாங்கள் வெட்கமில்லாமல் கொண்டாடினோம்.

அஸ்லாவுக் சறுக்கி விழுந்து ஒரு பிடி மண்ணைப் பெயர்த்ததும் நீ எல்லைக்கோட்டைத் தாண்டி ஓடி வந்தாய். பெயர்ந்ததை எடுத்து வைத்துக் காலால் அமுக்கினாய். அடுத்த வாரம் எந்திரம் தோண்டப்போகிற தரை. ஊரே சிரித்தது. நீயும் சிரித்தாய், முகம் சிவந்து. எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன் மேல் இருந்த கோபமும் போகவில்லை.

இதை உன் முகத்துக்கு நேரே சொல்ல முடியவில்லை. இத்தனை ஆண்டும் எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லி வைத்திருந்தேன்: எல்லா ஊரிலும் இருக்கிற புல்தானே, பெரிதாக எதையும் இழந்துவிடவில்லை என்று. சனிக்கிழமை, தெற்குக் கோலுக்கு முன்னால் பிழைத்திருந்த அந்தத் திட்டில் பந்து என்னிடம் வந்தது. ஐம்பத்து நான்கு வயதில் ஓடினேன். வைத்த கால் பதிந்தது, பதிந்த காலைத் தரையே தூக்கிக் கொடுத்தது. அடித்த பந்து எங்கும் முட்டித் துள்ளாமல் நான் நினைத்த இடத்துக்கே போனது. அப்புறம் விழுந்தேன், வலிக்கவில்லை. கொஞ்ச நேரம் வேண்டுமென்றே எழுந்திருக்கவில்லை.

அவ்வளவு நல்ல தரை அது, அண்ணா. அவ்வளவு நன்றாக வளர்த்திருக்கிறாய். அது மோசமாக இருந்திருந்தால் உன்னை அங்கேயே மன்னித்திருப்பேன்.

குன்வோர்